இயற்பியலா, பொறியியலா? படிவத்தை அனுப்பும் முன்...

சனிக்கிழமை மாலை லுக்குட்டில் அக்கா வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே கேட்கும் தொலைக்காட்சிச் சத்தம் அன்று கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஒரு பக்கம் அக்கா மகள், எதிரே அத்தான். நடுவில் யாரும் தொடாமல் ஆறிப்போன தேநீர். யு.பி.யு. விண்ணப்பம் மூட இன்னும் மூன்று நாள்தான் பாக்கி.

"நல்ல நேரத்துக்கு வந்தம்மா. நீயே கேளு. எஸ்.டி.பி.எம்.ல நல்லா எடுத்திருக்கா. இன்ஜினியரிங் போடுன்னா, பிசிக்ஸ்தான் போடுவேங்குறா. அதைப் படிச்சா என்ன வேலைன்னு கேட்டேன், பதில் இல்ல" என்றார் அத்தான்.

"பதில் இருக்கு சித்தி. அப்பாவுக்கு அது ஒரே வார்த்தையில வேணும். அதுதான் இல்ல" என்றாள் அவள்.

சண்டை முழுவதும் அந்த இரண்டு வரியிலேயே இருந்தது. அக்கா எதுவும் பேசாமல் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.

அத்தான் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவருடைய அம்மா லுக்குட் பக்கத்துத் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பிரட்டுக்குப் போய் நின்று, பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். அத்தான் போர்ட்டிக்சன் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் குத்தகையாளர்களின் கீழ் இருபது வருடத்துக்கு மேலாகக் குழாய் பற்றவைக்கிறார். அவர் போட்ட பற்றவைப்பு சரியா, பிரித்துத் திரும்பப் போட வேண்டுமா என்று சொல்ல, கையில் கோப்போடு ஓர் இளம் பொறியாளர் வருவார். பல சமயம் அத்தானின் பாதி வயதுகூட இருக்காது. தன் மகள் அந்தக் கோப்பைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு தகப்பன் ஆசைப்படுவதை யார் தப்புச் சொல்ல முடியும்?

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகள் வரும் காலத்தில் வானொலியில் கல்வி நிகழ்ச்சி நடத்தும்போது எங்களுக்கு வரும் அழைப்புகளில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" பிள்ளைகள் கேட்பதும் ஒன்றுதான்: "எனக்குப் பிடிச்சதைப் படிக்கலாமா?" இரண்டையும் ஒரே கேள்வியாக நினைத்துப் பதில் தேடுவதால்தான் வீட்டில் சண்டை வருகிறது. அன்றைக்கு அந்த மேசையில் உட்கார்ந்து நாங்கள் அவற்றைப் பிரித்துப் பார்த்தோம். அங்கே பேசியதையும், பிறகு நான் தேடிச் சரிபார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். இதே மேசை இன்னும் பல வீடுகளில் இருக்கும்.

வானொலிப் பெட்டியிலேயே இருக்கும் வித்தியாசம்

"ரெண்டும் கணக்கு, ரெண்டும் கரண்ட்டு. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் அத்தான். எனக்குத் தெரிந்த உதாரணம் என் தொழிலில்தான் இருந்தது.

மின்காந்த அலைகள் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஸ்காட்லாந்துக்காரரான மேக்ஸ்வெல். அந்தக் கட்டுரை 1865-இல் வெளியானது. அந்த அலை உண்மையிலேயே இருக்கிறதா என்று ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887-இல் தொடங்கிய சோதனைகளில் செய்து காட்டினார். இருவரும் இயற்பியலாளர்கள். அவர்களுடைய கேள்வி "இது என்ன? ஏன் இப்படி இருக்கிறது?" என்பது. ஹெர்ட்ஸ் 36 வயதில் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு, 1895-இல், இத்தாலியில் மார்க்கோனி என்ற இளைஞர் அதே அலையைக் கையிலெடுத்தார். "இதை எவ்வளவு தூரம் அனுப்பலாம்? கெட்டுப்போகாமல் அனுப்ப என்ன கட்ட வேண்டும்?" என்பது அவருடைய கேள்வி. 1901-இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அவருடைய சமிக்ஞை போய்ச் சேர்ந்தது. அது பொறியியல்.

ஒரே அலைதான், கேள்விதான் வேறு. மேக்ஸ்வெல், ஹெர்ட்ஸ் இல்லாமல் மார்க்கோனி இல்லை. மார்க்கோனி போன்றவர்கள் இல்லாமல் எனக்குச் சம்பளம் இல்லை. ஆக, இதில் எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருள் இல்லை. பிள்ளை இயல்பாகக் கேட்பது எந்தக் கேள்வியை என்று பார்ப்பதுதான் பயன். பழுதான மின்விசிறியைக் கழற்றிப் போட்டு ஓடவைத்த பிறகுதான் தூங்கப் போகும் பிள்ளைகள் உண்டு. ஓடிவிட்டாலும், "இது ஏன் சுத்துது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

திருச்சியில் படித்த இருவர்

இந்தக் கேள்வி நம் தமிழர்களுக்குப் புதிதல்ல. ராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்தவரின் மகன் ஒருவர் இதே இடத்தில் தடுமாறியிருக்கிறார். ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்.

கலாம் முதலில் படித்தது இயற்பியல். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் 1954-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பிறகுதான், தன் கனவுக்கு உரிய பாதை இது அல்ல, பொறியியல்தான் என்று புரிந்தது. 1955-இல் சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது, பணம் இல்லை. சேரவே ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். அவருடைய அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். இதைக் கலாமே தன் ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். சொந்தச் சம்பாத்தியத்தில் அந்த வளையல்களை மீட்டுத் தர வேண்டும் என்ற வைராக்கியத்தோடு படித்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

அதே காலத்தில், அதே கல்லூரியில், அதே இயற்பியல் பட்டம் படித்த இன்னொரு மாணவர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ரங்கராஜன். அவரும் இயற்பியலை முடித்துவிட்டு எம்.ஐ.டி.க்குத்தான் போனார், மின்னணுவியல் படிக்க. பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு வகித்தார். நமக்கு அவரை வேறு பெயரில் தெரியும்: எழுத்தாளர் சுஜாதா. பின்னாளில் இஸ்ரோவின் தலைவரான கே. சிவனும் இதே வழியில் வந்தவர்தான். முதலில் நாகர்கோவிலில் கணிதத்தில் பட்டம், அதன் பிறகு எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல்.

மூவருக்கும் பொதுவானது என்ன? எம்.ஐ.டி. என்ற கதவு. 1949-இல் சி. ராஜம் என்பவர் தொடங்கிய அந்தக் கல்விக்கூடம், அறிவியல் பட்டதாரிகளை எடுத்துப் பொறியியல் கற்றுக்கொடுத்தது. இயற்பியல் படித்தவர் ‘தப்பாப் போட்டுட்டோமே’ என்று நினைத்தால், மூன்றே ஆண்டில் திரும்பி வர ஒரு வழி இருந்தது. அதற்கு விலையாக மேலும் சில வருடங்களும், ஒருவர் வீட்டில் ஒரு ஜோடி வளையலும் போயின.

இதைச் சொல்லி முடித்தபோது அக்கா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். கையில் நான்கு வளையல்கள். "என்கிட்டயும்தான் இருக்கு" என்றார். "டியூஷன் காசுக்கு ரெண்டு தடவை அடகுக் கடைக்குப் போயிட்டு வந்திருச்சு. இவ படிக்கப் போறதுக்கு இன்னொரு தடவை போகும். ஆனா ரெண்டு டிகிரிக்குப் போகாது."

அதன் பிறகுதான் அன்றைய பேச்சு உண்மையான பேச்சாக மாறியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒரு பட்டத்தை முயன்று பார்த்து, சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். நம்மில் பல வீடுகளில் ஒரு முறைதான். அதனால், எந்தக் கதவு பின்னால் திறக்கும், எது திறக்காது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது அவசியம்.

மலேசியாவில் எந்தக் கதவு திறக்கும்?

இங்கே நிலைமை நேரடியானது. 1967-ஆம் ஆண்டின் பொறியாளர் பதிவுச் சட்டப்படி, பொறியாளராகத் தொழில் செய்ய மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவு வேண்டும். அங்கீகாரம் பெற்ற நான்காண்டுப் பொறியியல் பட்டம் பெற்றவர் முதலில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிவு செய்கிறார். குறைந்தது மூன்று ஆண்டு நடைமுறை அனுபவம், பிறகு தொழில்முறை மதிப்பீடு. அதில் தேறினால் நிபுணத்துவப் பொறியாளர், பெயருக்கு முன்னால் ‘இர்’. 2009-இல் மலேசியா ‘வாஷிங்டன் உடன்படிக்கை’யில் முழு உறுப்பினர் ஆனதால், இங்கே அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டங்களுக்கு மற்ற உறுப்பு நாடுகளிலும் மதிப்பு உண்டு.

இயற்பியல் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்தப் பதிவைப் பெற முடியாது. பின்னால் மனம் மாறினால், பொறியியல் பட்டத்தை முதலிலிருந்து படிக்க வேண்டிவரும். குரோம்பேட்டையில் கலாமுக்குத் திறந்த கதவு போல ஒன்று இங்கே வழக்கத்தில் இல்லை. ஆக, பாலத்துக்கோ கட்டடத்துக்கோ கையெழுத்துப் போடும் பொறியாளராக வேண்டும் என்பதுதான் பிள்ளையின் ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், பொறியியல்தான். ‘முதலில் பிசிக்ஸ், அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது இங்கே பொருந்தாது.

பல பெற்றோர் கவனிக்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. ‘பொறியியல்’ பட்டம் வேறு, ‘பொறியியல் தொழில்நுட்பம்’ பட்டம் வேறு. படிவத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், பெயரில் ஒரு சொல்தான் கூடுதல். தொழில்நுட்பப் பட்டம் தாழ்ந்ததல்ல. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தில் பதிவு செய்து, ‘டிஎஸ்’ என்ற அடைமொழி பெறலாம். தொழிற்சாலைகளில் அவர்களுக்கு நல்ல இடம் உண்டு. ஆனால் அது ‘இர்’ ஆகும் பாதை அல்ல. அதே போல, ‘பொறியியல் இயற்பியல்’ என்று பெயர் இருந்தால் அது பொறியியல் பட்டம் ஆகிவிடாது. பெயரைப் பார்த்து ஏமாறாமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் படிப்பு பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தனியார் கல்லூரியில் பல பத்தாயிரம் வெள்ளி கட்டிச் சேர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ராத்திரியில் வரும் எக்ஸ்-ரே பெட்டி

"அப்படின்னா நான் சொன்னதுதானே சரி?" என்றார் அத்தான். அவர் குரலில் வெற்றி தெரிந்தது.

அக்கா மகள் அவரிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, நீங்க வெல்டிங் போட்டதும் அதை எப்படிச் சோதிப்பாங்க?"

"எக்ஸ்-ரே எடுப்பாங்க. ராத்திரியில வருவானுங்க. எல்லாரையும் தூரமா அனுப்பிட்டு, கயிறு கட்டிட்டு, ஒரு பெட்டியைத் திறந்து எடுப்பானுங்க." பிறகு அவரே யோசித்துச் சொன்னார்: "அந்தப் பெட்டியில புது மருந்து போட்டு வந்தா சட்டுனு முடிஞ்சிரும். ரெண்டு மூணு மாசம் போச்சுன்னா ஒவ்வொரு படத்துக்கும் ரொம்ப நேரம் இழுக்கும். ஏன்னு யாரும் சொன்னதில்ல."

"அது மருந்து இல்லப்பா, இரிடியம்-192. கதிரியக்கப் பொருள். அதுக்கு அரை ஆயுள் ஏறத்தாழ 74 நாள். 74 நாள்ல அதோட சக்தி பாதியாயிடும். பாதியாச்சுன்னா அதே படம் எடுக்க ரெண்டு மடங்கு நேரம் ஆகும். அதான் இழுக்குது."

இருபது வருடமாகத் தெரிந்த ஒன்றுக்குக் காரணம் அன்றைக்குத்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு, "பிசிக்ஸ் படிச்சா என்ன வேலை?" என்று அவர் கேட்டது உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காக இருந்தது.

அதற்கு மிகைப்படுத்தாமல் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியோடு வரும் வேலைக்குப் பட்டம் தேவையில்லை, பயிற்சியும் சான்றிதழும் போதும். ஆனால் கதிரியக்கப் பொருளைக் கையாளும் இடங்கள் 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்துக்கு உட்பட்டவை. அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறுப்பு இயற்பியல் படித்தவர்களுக்குப் பொருத்தமானது. அரசாங்க மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுக்கும் பிரிவில் மருத்துவர் மட்டும் இருப்பதில்லை. கதிர் எவ்வளவு, எந்தக் கோணத்தில் என்று கணக்கிட்டு, இயந்திரத்தைச் சோதிக்கும் இயற்பியல் அதிகாரியும் இருப்பார். அதற்குத் தேவையான மருத்துவ இயற்பியலை மலாயாப் பல்கலைக்கழகத்தில் முதுகலையாகவும், அறிவியல் பல்கலைக்கழகத்தில் இளங்கலையாகவும் படிக்கலாம். பாங்கியில் 1982 முதல் இயங்கும் ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. வானிலை ஆய்வுத் துறை இருக்கிறது. பள்ளிகளில் இயற்பியல் கற்பிக்க ஆசிரியர்கள் எப்போதும் தேவை, தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அதற்கென்றே பட்டம் தருகிறது. பினாங்கு, கூலிம், சிரம்பான் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலைகளில் ‘புராசஸ் இன்ஜினியர்’, ‘டெஸ்ட் இன்ஜினியர்’ போன்ற பதவிகளுக்கு இயற்பியல் பட்டதாரிகளையும் எடுக்கிறார்கள். பதவியின் பெயரில் ‘இன்ஜினியர்’ இருக்கும், வாரியப் பதிவு இருக்காது. அந்த வித்தியாசம் தெரிந்து போனால் பிரச்சினை இல்லை.

இந்தப் பட்டியலில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் பட்டத்தோடு இன்னொன்று வேண்டும்: முதுகலை, ஆசிரியர் பயிற்சி, கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சான்றிதழ், கணினி நிரலாக்கம் என்று ஏதோ ஒன்று. பொறியியல் பட்டம் வேலையின் பெயரைத் தன்னோடு கொண்டுவருகிறது. இயற்பியல் பட்டத்துக்குப் பெயரைப் படிக்கிற பிள்ளைதான் வைக்க வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிந்து பட்டமளிப்பு அங்கியோடு வெளியே வந்த பிறகு யோசித்தால் அது பெயரில்லாப் பட்டமாகவே நின்றுவிடும்.

இது எனக்கும் தெரிந்த வலி. நான் படித்தது ஊடகத் துறை. "ரேடியோவில் பேச டிகிரி எதுக்கு?" என்று அப்பா கேட்டார். பட்டம் வாங்கிய பிறகு இரண்டு வருடம் பகுதிநேர அறிவிப்பாளராக, மாதச் சம்பளம் என்று சொல்ல எதுவும் இல்லாமல் இருந்தேன். ஒலிப்பதிவும் தொகுப்பும் தனியாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் நிரந்தர இடம் கிடைத்தது. அதைப் படிக்கும்போதே கற்றிருந்தால் அந்த இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

நம்ம ஊரைப் பார்த்தாலே போதும்

‘இன்றைக்கு எதற்குக் கிராக்கி?’ என்று பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் லுக்குட்டை ஒரு முறை சுற்றிப் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராஜா ஜூமாட் கோட்டை கட்டிக் காத்தது இங்கு கிடைத்த ஈயத்தை. ஈயம் போனது. ரப்பர் வந்து, நம் முன்னோர் வந்தார்கள். பிறகு செம்பனை. 1960-களில் போர்ட்டிக்சனில் இரண்டு எண்ணெய் ஆலைகள் வந்தன. அப்போது ஷெல், எஸ்ஸோ. இன்று அவை ஹெங்யுவான், பெட்ரோன். சிரம்பானில் 1991-இல் தொலைக்காட்சிப் படக்குழாய் தயாரிக்க வந்த சாம்சுங் எஸ்.டி.ஐ. இன்று அங்கே மின்கலம் தயாரிக்கிறது. படக்குழாய் செய்யத் தெரிந்தவருக்கு அந்தத் திறமை மட்டும் போதாமல் போனது. அடிப்படை தெரிந்து, புதிதாகக் கற்றுக்கொண்டவர் நிலைத்தார்.

2024-இல் அரசாங்கம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத்தில் 60,000 உள்நாட்டுப் பொறியாளர்களை உருவாக்கும் இலக்கு இருக்கிறது. நல்ல செய்தி. ஆனால் இன்று படிவம் நிரப்பும் பிள்ளை வேலைக்குப் போக நான்கு ஐந்து ஆண்டுகள் ஆகும், அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். ஒரு அறிவிப்பை மட்டும் நம்பி முப்பது ஆண்டை எழுதிக் கொடுக்க முடியாது.

வேலைக்கென்றே ஒரு பாதை, மனசுக்கென்று ஒரு பாதை என்று இரண்டையும் சுமந்தவர்களும் உண்டு. சர் சி.வி. ராமன் 1907-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முதுகலை முடித்தபோது, ஆராய்ச்சி செய்து பிழைக்க வழி இல்லை. அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதி, கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகச் சேர்ந்தார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வகம். பத்து ஆண்டு அப்படி ஓடி, 1917-இல் குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியராகப் போனார். 1930-இல் நோபல் பரிசு. எல்லாரும் ராமன் ஆக முடியாது. ஆனால் இரண்டில் ஒன்றை எடுத்தால் மற்றது செத்துவிடும் என்று பதினெட்டு வயதுப் பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை என்பதற்கு அவர் சாட்சி.

அனுப்பும் முன் ஐந்து கேள்விகள்

அன்று நாங்கள் ஒரு தாளில் எழுதியவை இவை. உங்கள் வீட்டிலும் பயன்படலாம்.

1. பிள்ளைக்குப் பிடித்தது பாடமா, பாடம் எடுத்த ஆசிரியரா? இதைப் பிரித்துப் பார்க்க, இரண்டு படிப்புகளின் முதலாண்டுப் பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழகத் தளத்தில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதைப் படிக்கும்போது கண் நிற்கிறது என்று பாருங்கள்.

2. பதிவு பெற்ற பொறியாளராக வேண்டும் என்ற ஆசை உண்டா? உண்டு என்றால் பொறியியல், அதுவும் அங்கீகாரப் பட்டியலில் உள்ளது.

3. இயற்பியல் என்றால், அதோடு சேர்த்துக் கற்கப்போகும் இன்னொன்று என்ன? பதில் இன்றே முழுதாக வேண்டாம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் வேண்டும்.

4. முதுகலை படிக்க வேண்டி வந்தால் வீடு தாங்குமா? பொறியியல் படிப்பவருக்கு அது கட்டாயமில்லை. இயற்பியலில் பல நல்ல வேலைகளுக்கு அது வேண்டும்.

5. இரண்டிலும் உறுதி இல்லையா? பட்டயப் படிப்பையும் பாருங்கள். போர்ட்டிக்சன் பாலிடெக்னிக் பக்கத்திலேயே இருக்கிறது. கையால் செய்து பார்த்துப் பழகிய பிறகு பட்டத்துக்குப் போனவர்கள் தோற்றதாக அர்த்தமில்லை.

இவற்றோடு பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கணக்கில் பிடிப்பு இல்லாத பிள்ளையைப் பெயருக்காகப் பொறியியலில் தள்ளினால், பாதியில் நிற்கும் ஆபத்து உண்டு. முடிக்காத பொறியியல் பட்டத்துக்கு எந்த வாரியமும் பதிவு தராது.

மூன்றாம் நாள்

கடைசி நாள் காலையில் அக்கா மகள் படிவத்தை அனுப்பினாள். முதல் தேர்வு இயற்பியல், இரண்டாவது மருத்துவ இயற்பியல். மூன்றாவது, அத்தானுக்காக மட்டும் அல்ல, அவளே பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்துப் போட்ட மின், மின்னணுப் பொறியியல். அது அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிச் சரிபார்த்தது அத்தான்தான். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டு.

நாட்காட்டியின் பின்பக்கத்தில் தகப்பனுக்கும் மகளுக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டுச் சுவரில் தொங்குகிறது. முதலாண்டில் கணினி நிரலாக்கம். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஒரு மருத்துவமனையிலோ பாங்கியிலோ பயிற்சிக்கு விண்ணப்பம். இரண்டாம் ஆண்டு முடியும்போது, ‘என்ன வேலை?’ என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில். கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சாட்சிக் கையெழுத்து அக்காவுடையது.

எந்த இடம் கிடைக்கும் என்று இன்னும் தெரியாது. முடிவு வர நாள் இருக்கிறது.

நான் கிளம்பும்போது அத்தான் கார் வரைக்கும் வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"அன்னைக்கு ஹெர்ட்ஸ்னு ஒருத்தரைச் சொன்னியே. நம்ம ரேடியோவுல மெகாஹெர்ட்ஸ், மெகாஹெர்ட்ஸ்னு சொல்றீங்களே... அவரா?"

"அவரேதான் அத்தான்."

"இத்தனை வருசமா கேக்குறேன். அது ஒரு ஆளோட பேருன்னு தெரியாமப் போச்சே" என்றார்.